அந்த அம்புக்குறிக்குள் 11 லிட்டர்

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



உயிர்வேதியியல் வகுப்பில் லிப்போபுரோட்டீன் பாடம் வரும் நாளில் ஒரு படம் வரைவார்கள். இடப்பக்கம் கல்லீரல், நடுவே ரத்தக்குழாய், வலப்பக்கம் ‘திசுக்கள்’ என்றொரு பெட்டி. கல்லீரலிலிருந்து விஎல்டிஎல் கிளம்பும். வழியில் கொழுப்பை இறக்கி இறக்கி அது எல்டிஎல் ஆகும். எல்டிஎல்லிலிருந்து அந்தப் பெட்டியை நோக்கி ஓர் அம்புக்குறி போகும். பெட்டியிலிருந்து எச்டிஎல் வழியே கல்லீரலுக்கு இன்னோர் அம்புக்குறி திரும்பும். தேர்வுத்தாளில் இதை அப்படியே வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். வகுப்பறையில் இதே படத்தைப் பல ஆண்டுகள் வரைந்து பாடம் நடத்தியவன் நான். அந்தப் படம் உங்களுக்குத் தேவைதான். ஆனால் இரண்டு அம்புக்குறிகளும் ஓர் இடத்தைத் தாண்டிப் போகின்றன. அந்த இடத்துக்குப் படத்தில் ஒரு பெயர்கூட எழுதியிருக்காது.

அதுதான் திசுத் திரவம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். ரத்தக்குழாய்களுக்கு வெளியே, செல்களுக்கு நடுவே இருக்கும் திசுத் திரவமோ ஏறத்தாழ 11 லிட்டர். தோலின் செல்லும் தசையின் செல்லும் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. அவை பிறப்பதும் உண்பதும் கழிப்பதும் மடிவதும் இந்தத் திரவத்துக்குள்தான். ஆய்வகச் சீட்டில் ‘எல்டிஎல் 130’ என்று அச்சாகி வரும் எண், அந்த 3 லிட்டரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. செல் பசியாறுவது அதற்கு வெளியே. மாரடைப்புக்கு விதை விழுவதும் குழாயின் சுவருக்குள்தான், ஓடும் ரத்தத்தில் அல்ல. ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. லிப்போபுரோட்டீன்களைப் படிக்கும்போது, ரத்தத்தைவிட்டு வெளியேறிய பிறகு அவை என்ன ஆகின்றன என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நாளைக்கு உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகும் நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

திரவம் என்றதும் தளும்பும் நீரை நினைத்துவிடாதீர்கள். கொலாஜன் நார்களின் பின்னலுக்கு இடையே ஹயலுரோனிக் அமிலமும் புரோட்டியோகிளைக்கன்களும் நீரைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு கூழ் அது. அதனால்தான் நாம் எழுந்து நின்றவுடன் உடம்பின் நீரெல்லாம் பாதத்துக்கு இறங்கிவிடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் அந்தக் கூழுக்குள் தடையின்றிப் பரவும். பெரிய துகள்களுக்கு அங்கே எல்லா இடுக்கும் திறந்திருக்காது.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். ஆல்புமின் மூலக்கூறு சுமார் 7 நானோமீட்டர். எச்டிஎல் 7 முதல் 12 வரை. எல்டிஎல் 20 முதல் 25 வரை. விஎல்டிஎல் 30 முதல் 80 வரை. சாப்பிட்ட பின் குடலிலிருந்து கிளம்பும் கைலோமைக்ரான் 1000 நானோமீட்டரைக்கூடத் தொடும். மனிதத் தோலிலும் தசையிலும் உள்ள தந்துகிகளின் சுவரில், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு எல்டிஎல்லுக்கு மிகக் குறுகல். அது பெரும்பாலும் செல்லின் ஊடாக, சிறு குமிழ்களுக்குள் ஏறித்தான் மறுபக்கம் போக வேண்டும். மெதுவான வழி அது. ஆல்புமின் சிறியது என்பதால் உடலில் உள்ள ஆல்புமினில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்களுக்கு வெளியேதான் உலவுகிறது. எல்டிஎல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கல்லீரல் மட்டும் விதிவிலக்கு. அதன் சைனுசாய்டுகளின் சுவரில் சுமார் 100 நானோமீட்டர் அகலத்துக்குச் சாளரங்கள் திறந்தே இருக்கின்றன. பிளாஸ்மா அப்படியே உள்ளே போய்க் கல்லீரல் செல்லைத் தொடுகிறது. ரத்தத்திலிருந்து நீங்கும் எல்டிஎல்லில் பெரும்பங்கைக் கல்லீரலே எடுத்துக்கொள்வதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். படத்தில் கல்லீரலையும் ‘திசுக்கள்’ பெட்டியையும் ஒரே தடிமன் கோட்டால் வரைகிறோம். உண்மையில் ஒன்றுக்குக் கதவே இல்லை, மற்றதற்குக் காவல் பலமானது.

சரி, அந்தக் காவலைத் தாண்டி எவ்வளவு எல்டிஎல் வெளியே போகிறது? இதை அளப்பது எளிதல்ல. கூழுக்குள் ஊசியைச் செருகித் திரவத்தை இழுக்க முடியாது. உறிஞ்சு விசை கொடுத்துத் தோலில் கொப்புளம் எழுப்பி, அந்த நீரை எடுத்துச் சிலர் அளந்தார்கள். அதைவிட நம்பகமான வழி நிணநீர். திசுத் திரவத்தில் மிஞ்சுவது நிணநீர் நாளங்களுக்குள் போகிறது. ஆகையால், நிணநீர் முடிச்சுகளை அடையுமுன் பாதத்திலோ காலிலோ எடுக்கும் நிணநீர், அந்தப் பகுதியின் திசுத் திரவத்தை ஓரளவு அப்படியே காட்டும். பாதத்தின் மேற்புறத் தோலுக்கு அடியில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நாளத்தைத் தேடிப்பிடித்து, மிக மெல்லிய குழாயைச் செருகிச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்தால் சில மில்லிலிட்டர் தேறும். வார்சாவின் அறுவை மருத்துவர் வால்டெமார் ஓல்ஷெவ்ஸ்கி இந்த நுட்பத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர். லண்டனில் ரைக்கல், மையன்ட் முதலானோர் 1970களில் இப்படி எடுத்த நிணநீரில் லிப்போபுரோட்டீன்களை அளந்தார்கள். தங்கள் காலை இதற்குக் கொடுத்து அசையாமல் காத்திருந்த தன்னார்வலர்களை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

கிடைத்த விடை இது: எல்டிஎல்லின் புரதமான அப்போ பி, திசுத் திரவத்தில் பிளாஸ்மாவின் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. எச்டிஎல்லின் முதன்மைப் புரதமான அப்போ ஏ-1 அதைவிடக் கூடுதல் விகிதத்தில் இருக்கிறது. எச்டிஎல் சிறியது அல்லவா, அதனால்.

பத்தில் ஒரு பங்கு என்ற இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு டல்லஸ் நகருக்குப் போவோம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1973, 1974 ஆண்டுகளில் தோலிலிருந்து வளர்த்த செல்களை வைத்து எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இந்த ஏற்பி எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும், விட்டுவிட்டு மேலே திரும்பும், மறுபடி பிடிக்கும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்தான். அவர்கள் அளந்தவற்றில் ஓர் எண் பலர் கண்ணில் படாமல் போய்விட்டது. சுற்றியுள்ள திரவத்தில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தாலே ஏற்பிகள் போதுமான அளவுக்கு நிரம்பிவிடுகின்றன. திசுத் திரவத்தில் 2.5 இருக்க வேண்டுமானால் பிளாஸ்மாவில் எவ்வளவு வேண்டும்? பத்தால் பெருக்குங்கள்: 25. உடலின் செல்களுக்குச் சோறு போட ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம் எல்டிஎல் போதும் என்று அவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பச்சிளங் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் எல்டிஎல் இதற்கு அருகில்தான், 30 அளவில் இருக்கிறது. மனித வாழ்வில் செல்கள் மிக வேகமாகப் பெருகும் காலம் அது. அந்த வளர்ச்சிக்கே 30 போதுமென்றால், நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 130 எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்ற வேண்டும்.

பின்னாளில் இயற்கையே சான்று காட்டியது. எல்டிஎல் ஏற்பியைச் சிதைக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்துக்கும் மிகைக் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைப் பாரிசில் 2003இல் கண்டார்கள். அடுத்து டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் இந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களைத் தேடினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எல்டிஎல் குறைவு, இதய நோய் அதைவிடக் குறைவு. பிசிஎஸ்கே9 அறவே இல்லாத ஒரு பெண்ணையும் கண்டார்கள். அவருடைய எல்டிஎல் வெறும் 14. நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

‘கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் செல்லெல்லாம் பட்டினி கிடக்குமாமே, மூளை மழுங்கிப்போகுமாமே’ என்று உங்களிடம் கேட்கப்போகிறவர்கள் ஏராளம். கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டிக் கேட்பார்கள். தயவுசெய்து அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். கொலஸ்ட்ரால் செல்சவ்வுக்குத் தேவை என்று அவர்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அவர்களுக்குத் தெரியாதது இடையில் உள்ள அந்தத் திரவம். செல்கள் எப்போதுமே பத்தில் ஒரு பங்கு எல்டிஎல்லில்தான் வாழ்கின்றன, அதிலேயே நிறைவாக வாழ்கின்றன, போதாததைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மூளையைப் பற்றியும் சொல்லுங்கள். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளையில், உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கிறது. அதில் ரத்தத்து எல்டிஎல்லின் பங்கு இல்லை, ஏனென்றால் எல்டிஎல் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளை தன் கொலஸ்ட்ராலைத் தானே செய்கிறது, தன் திரவத்துக்குள் அப்போ ஈ தாங்கிய சொந்தத் துகள்களில் அதைப் பகிர்ந்துகொள்கிறது. 2017இல் வெளியான ஃபூரியர் ஆய்வில் 27,564 பேர் பங்கேற்றார்கள். பிசிஎஸ்கே9ஐத் தடுக்கும் ஊசிமருந்து பெற்றவர்களின் எல்டிஎல் நடுமதிப்பு 30க்கு இறங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் நினைவாற்றலைத் தனியே சோதித்தபோது, ஊசி பெறாதவர்களிடமிருந்து வேறுபாடு தெரியவில்லை. மாத்திரையால் தசைவலி வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது வேறு செய்தி. அதைக் காதுகொடுத்துக் கேட்டு, விசாரித்து, மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க வேண்டும். பட்டினி பற்றிய பயத்துக்கு மட்டும் இடமில்லை.

வரவு இப்படி. இனி அந்த இரண்டாவது அம்புக்குறி.

நம் செல்களால் கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைக்க முடியாது. சர்க்கரையை எரிக்கலாம், கொழுப்பமிலத்தை எரிக்கலாம், கொலஸ்ட்ராலை எரிக்க முடியாது. பித்த அமிலமாக்கி வெளியே தள்ளும் வேலையைக் கல்லீரல் பார்க்கும். அட்ரினல் போன்ற சுரப்பிகள் கொஞ்சத்தை ஹார்மோனாக்கும். மற்ற செல்கள் மிஞ்சியதை வெளியே எடுத்துவைத்தாக வேண்டும், அதை யாரோ வந்து எடுத்துப்போக வேண்டும். இந்த ஒப்படைப்பு நடக்கும் இடம் திசுத் திரவமேதான். அங்கே இருக்கும் எச்டிஎல், ரத்தத்தில் நாம் அளக்கும் உருண்டை எச்டிஎல்லைப் போன்றது மட்டுமல்ல. நாய்களின் நிணநீரை ஆராய்ந்த நியூ ஆர்லியன்ஸ் குழுவினரும், மனித நிணநீரை ஆராய்ந்த நார்மன் மில்லர் முதலானோரும், தட்டையான வட்டுகளையும், எஸ்டராகாத கொலஸ்ட்ரால் மிகுந்த துகள்களையும் அதில் கண்டார்கள். ‘முன்-பீட்டா எச்டிஎல்’ என்று சொல்லப்படும் மிகச் சிறிய துகள்களின் பங்கும் அங்கே கூடுதல். கொலஸ்ட்ராலை எஸ்டராக்கி உள்ளே பூட்டும் எல்கேட் நொதி திசுத் திரவத்தில் மந்தமாக இருப்பதால், துகள்கள் வட்டு வடிவத்திலேயே நீடிக்க முடிகிறது. செல்லிலிருந்து வரும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ள அந்த வடிவம் ஏற்றது.

செல்லின் பக்கத்திலிருந்து கொலஸ்ட்ராலைத் தள்ளிவிடும் கதவு ஏபிசிஏ1 என்ற புரதம். இது தெரியவந்த வரலாறு கேட்கத் தகுந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசாபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்ற சிறு தீவு இருக்கிறது. மீன்பிடித்தும் நண்டு பிடித்தும் வாழும் மக்கள். 1960 வாக்கில் அந்தத் தீவைச் சேர்ந்த ஒரு சிறுவனின் டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். எடுத்துப் பார்த்தபோது அவை முழுக்கக் கொலஸ்ட்ரால் எஸ்டர். அவனுடைய சகோதரிக்கும் அப்படியே. டொனால்டு ஃபிரெட்ரிக்சன் ஆராய்ந்தபோது ரத்தத்தில் எச்டிஎல் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று தெரிந்தது. அதற்குக் காரணம் ஏபிசிஏ1 மரபணுவின் பழுது என்பதை 1999இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. கதவு திறக்காததால் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தேங்கியது. வாங்கிக்கொள்ள ஒன்றும் கிடைக்காத அப்போ ஏ-1, எச்டிஎல் ஆக முடியாமல் சிறுநீரகம் வழியே வீணாயிற்று. தீவுச் சிறுவனின் தொண்டைக்குள் இருந்த நிறத்திலிருந்து செல்சவ்வில் உள்ள ஒரு கதவு வரை வந்துசேர நாற்பதாண்டு ஆனது.

வாங்கிக்கொண்ட துகள் எந்த வழியாக ரத்தத்துக்குத் திரும்புகிறது? தந்துகிச் சுவரைத் தாண்டி நேரே உள்ளே போய்விடும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். 2013இல் சிங்கப்பூரில் வெரோனிக் ஆஞ்செலியின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் க்வெண்டலின் ரான்டால்ஃபின் குழுவும் எலிகளில் நிணநீர் நாளங்களைத் துண்டித்தும், அவை சரியாக வளராத எலிகளைப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். திசுவிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறுவது பெருமளவு குறைந்தது. எச்டிஎல்லின் வீடு திரும்பும் பாதை நிணநீர் நாளம் என்று அப்போதுதான் உறுதியாயிற்று. அந்தப் பாதை அடைபட்டுக் காலில் நிணநீர் வீக்கம் நாள்பட்டால் அந்தக் கால் வெறும் நீர்க்கோவையாக நிற்காமல் உள்ளே கொழுப்புத் திசுவும் நாரும் சேர்ந்து தடித்துப்போகிறது. யானைக்கால் நோய் கண்ட ஊர்களில் பணிபுரியப் போகிறவர்கள், அழுத்தினால் குழி விழாத அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது தமனிச் சுவரின் உள்ளடுக்கான உட்படைக்கு வருகிறேன். இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தது இதற்காகத்தான்.

அபர்டீன் பல்கலைக்கழகத்தில் எல்ஸ்பெத் ஸ்மித் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் மனிதப் பெருந்தமனியின் உட்படையைப் பிரித்தெடுத்து, அதற்குள் இருக்கும் திரவத்தில் எல்டிஎல்லை அளந்தார். மற்றத் திசுக்களில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டிய எல்டிஎல், அங்கே பிளாஸ்மாவுக்கு நிகராக, சில வேளை அதையும் மிஞ்சி இருந்தது. பாடநூல்களில் இந்த அளவீட்டுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தோல், தசை போன்ற திசுக்களின் செல்கள் எல்டிஎல் குறைந்த திரவத்தில் வாழ, இந்த ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் எல்டிஎல்லில் ஊறிக் கிடக்கிறது.

காரணம் அமைப்பில் இருக்கிறது. வாய்க்காலும் வடிகாலும் இருந்தால்தான் வயல் அழுகாது. தோலுக்கும் தசைக்கும் இரண்டும் உண்டு. தமனியின் உட்படைக்குள் நிணநீர் நாளங்கள் கிடையாது. இருப்பவையெல்லாம் சுவரின் வெளிப்பக்கத்தில். உட்படைக்கும் அவற்றுக்கும் நடுவே உள் மீள்நார்த் தகடு குறுக்கே நிற்கிறது. ரத்த அழுத்தம் திரவத்தைச் சுவருக்குள் தள்ளும்போது நீரும் சிறு புரதங்களும் தகட்டின் துளைகள் வழியே போய்விடும். எல்டிஎல் பின்தங்கும். போதாக்குறைக்கு அங்கே பைகிளைக்கன், வெர்சிக்கன் முதலான புரோட்டியோகிளைக்கன்கள் எதிர்மின்னேற்றத்தோடு காத்திருக்கின்றன. அப்போ பி புரதத்தில் லைசினும் ஆர்ஜினினும் அடர்ந்த நேர்மின்னேற்றத் திட்டுகள் உண்டு. இரண்டும் பற்றிக்கொள்கின்றன. பற்றிய எல்டிஎல்லை நொதிகள் சிதைக்கும், ஆக்சிஜன் கெடுக்கும், துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும். மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கி நுரைச் செல்களாகும். தொடக்கப் புள்ளி இந்தச் சிறைப்படுதலே என்று கெவின் வில்லியம்சும் ஐரா டபாஸும் 1995இல் வாதிட்டார்கள். 2002இல் யான் போரேனின் ஸ்வீடன் குழு அதைச் சோதித்தது. புரோட்டியோகிளைக்கனைப் பற்ற முடியாதபடி அப்போ பி-யின் அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிய எலிகளை உருவாக்கினார்கள். ரத்தக் கொலஸ்ட்ரால் அதே அளவு ஏறியும் தமனியில் படிவு வெகுவாகத் தாமதப்பட்டது. மனிதரிலும், தமனி கிளைபிரியும் இடங்களில் தடித்த உட்படையின் ஆழத்தில் முதலில் அப்போ பி சேர்கிறது, மேக்ரோஃபேஜ்கள் பிறகே வருகின்றன என்று ஜப்பானின் நாகஷிமா 2007இல் திசுத் துண்டுகளில் காட்டினார்.

இது எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறது தெரியுமா? கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை 1953இல் ஆராய்ந்தவர்கள், 77 விழுக்காட்டினரின் கரோனரித் தமனிகளில் நோயின் அடையாளத்தைக் கண்டார்கள். சராசரி வயது 22. உங்களைவிடச் சற்றே மூத்தவர்கள்.

துகளின் அளவு முக்கியம் என்றேன். லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி பிறவியிலேயே இல்லாதவர்களின் ரத்தம் பால்போல வெளுத்திருக்கும், டிரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறும். கணைய அழற்சி அவர்களை வாட்டும். ஆனால் தமனிகள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. அந்தப் பெரிய கைலோமைக்ரான்களால் சுவருக்குள் நுழையவே முடியாது. கொழுப்பை இறக்கிச் சுருங்கிய எச்சத் துகள்கள் நுழையும். ஆகவே ‘ரத்தத்தில் கொழுப்பு’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, எந்தத் துகள், எத்தனை, எங்கே போக முடியும் என்று கேட்கப் பழகுங்கள். ஒவ்வொரு எல்டிஎல்லிலும் ஒரே ஓர் அப்போ பி மூலக்கூறுதான். அதனால்தான் அப்போ பி பரிசோதனை துகள்களின் எண்ணிக்கையையே சொல்லிவிடுகிறது.

எச்டிஎல் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ‘நல்ல கொழுப்பு’ கூடுதல், கவலையில்லை என்று நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எச்டிஎல்லை ஏற்றிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றின: 2006இல் டார்செட்ராபிப், 2011இல் நியாசின், 2012இல் டால்செட்ராபிப். ரத்தத்தில் நிற்கும் எச்டிஎல்லின் கொலஸ்ட்ரால் அளவு, திசுத் திரவத்தில் எவ்வளவு ஒப்படைப்பு நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நார்மன் மில்லர் குழுவினர் அப்போ ஏ-1 வட்டுகளை மனிதர்களுக்கு ஏற்றி, பாத நிணநீரில் முன்-பீட்டா எச்டிஎல்லும் கொலஸ்ட்ராலும் உயர்வதை 2001இல் காட்டினார்கள். அது அருமையான ஆய்வு. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு அத்தகைய அப்போ ஏ-1 மருந்தை ஏற்றிப் பார்த்த பெரிய சோதனையில், 90 நாளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. வடிகாலற்ற உட்படையிலிருந்து பல்லாண்டுப் படிவைச் சில வாரங்களில் அள்ளிவிட முடியவில்லை. வரவைக் குறைப்பது, அதுவும் இளமையிலேயே குறைப்பது, இன்றைக்கு நம் கையில் இருக்கும் உறுதியான வழி.

தமனிச் சுவரை உங்களால் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் திசுத் திரவத்தில் எல்டிஎல் வழிந்து தேங்குவதைப் பார்க்கச் சில இடங்கள் உண்டு. விழிவெண்படலத்தில் ரத்தக்குழாயும் இல்லை, நிணநீர் நாளமும் இல்லை. விளிம்பின் குழாய்களிலிருந்து கசிந்த கொழுப்பு அங்கே வெள்ளை வளையமாகப் படியும். முதியவர்களிடம் அது சாதாரணம். 45 வயதுக்குள் தெரிந்தால் நின்று விசாரியுங்கள். இமையோரத்து மஞ்சள் திட்டுகளையும் கவனியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் குதிகாலின் பின்புறத் தசைநாண். புரோட்டியோகிளைக்கன் நிறைந்த, நாளெல்லாம் இழுபடும் திசு அது. எல்டிஎல் ஏற்பி பழுதான குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் நோயில் ரத்தத்து எல்டிஎல் பிறந்தது முதலே இரு மடங்காக இருக்கும். திசுத் திரவத்திலும் அதற்கேற்ப ஏறும். அங்கே தமனியில் நடப்பதே இங்கே தசைநாணிலும் நடந்து, அது தடித்து முடிச்சுகளாகும். கைவிரல் மூட்டுகளின் புறப்பக்கத்திலும் முழங்கையிலும்கூட வரலாம். 1930களின் இறுதியில் நார்வேயின் கார்ல் மியூலர் இந்த முடிச்சுகளையும் நெஞ்சுவலியையும் ஒரே குடும்பங்களில் கண்டு தொடர்பைச் சொன்னார். இரண்டு விரல்களால் குதிகால் தசைநாணை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். காலணியைக் கழற்றச் சொல்லிக் கேட்க யாருக்கும் நேரமில்லாததால், நாற்பது வயதில் முதல் மாரடைப்போடு வந்துசேரும் எத்தனையோ பேரிடம் அது தொடப்படாமலே போயிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்த நோய் அரிதானது என்று எண்ணாதீர்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு ஒரு பழுதான மரபணு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய கல்லூரியில் ஓராண்டுக்கு 250 இடங்கள். கணக்குப்படி உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். இந்த மடலைப் படித்ததும் உங்கள் குதிகாலைத் தடவிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவருடையதையும் பாருங்கள். முடிச்சு இளமையில் தெரியாமலும் இருக்கலாம், அதனால் எல்லோரும் ஒருமுறை எல்டிஎல் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. 190க்கு மேல் இருந்தால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை ஒவ்வொருவருக்கும் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் அந்த மரபணு உடன்பிறந்தவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்